வில்வண்டி

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலை, மாத்தளை நகரைக் கடந்து, அலுவிகாரையின் பாறைகளைப் பின்னே விட்டு வடக்கே ஓடும்போது பலாபத்வல வருகிறது. மாலை ஐந்து மணிக்கு இங்கே சந்தியில் நின்று பார்ப்பவருக்கு, நாட்டின் வாழ்க்கை முழுவதுமே சக்கரங்களின் மேல் ஏறி ஓடிக்கொண்டிருப்பது போலத் தோன்றும். தம்புள்ளைச் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் லொறிகள், சீகிரியாவுக்கு வெளிநாட்டாரைச் சுமந்து செல்லும் குளிரூட்டிய வேன்கள், வாசனைத் திரவியத் தோட்டங்களின் வாயிலில் வந்து நிற்கும் சுற்றுலா பஸ்கள், இவற்றின் இடுக்குகளில் நெளிந்து செல்லும் முச்சக்கர வண்டிகள். சாலையின் விளிம்பிலே, சக்கரம் ஏதுமற்ற மனிதர்கள். பாடசாலைப் பிள்ளைகளும், வேலை முடிந்து இறங்கி வரும் தோட்டத்துப் பெண்களும், ஊன்றுகோலுடன் வரும் கிழவர்களும், தார் முடிந்து கான் தொடங்குகிற அந்த ஒரு முழ அகல மண்ணில் ஒருவர் பின் ஒருவராக நடந்து செல்வார்கள்.

இந்த ஓட்டத்தில் நமது வண்டியும் ஒன்று. இரண்டே கதவுகளும் தாழ்ந்த கூரையும் கொண்ட ஜப்பானியக் கார். 'டொயோட்டா சைனோஸ்' என்று பெயர். கூபே என்னும் இனத்தைச் சேர்ந்தது. தொண்ணூறுகளில் பிறந்தது. இவ்வண்டிக்கு எந்தச் சக்கரம் பூட்டுவது, எந்த வில் அமைப்பது, எந்த எஞ்சினை வைப்பது என்று நாம் பட்ட பாட்டைச் சொல்லவே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். "உழைப்பவனின் கஞ்சியைப் பற்றி எழுத வேண்டிய பக்கத்திலே அலோய் சக்கரத்தைப் பற்றி எழுதுவதா?" என்று வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுடைய கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும், கஞ்சிக்கும் இந்தச் சக்கரத்துக்கும் உள்ள உறவை நாம் கண்ணாரக் கண்டோம். முழுவதையும் படித்த பின்னர் அவர்கள் நம்மைக் கடிந்துகொள்ளட்டும்.

முதலில், ஓர் ஆசிரியரின் வீட்டு வாசலுக்கு இப்படியொரு வண்டி வந்த வகையைச் சொல்லிவிடுவோம். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்க 2025-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஆயிற்று. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில், நாட்டில் இருந்த பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. உலகமெங்கும் வயது ஏற ஏற வண்டியின் விலை இறங்கும். இங்கோ வயதோடு விலையும் ஏறிற்று. 2021-இல் நம் தாயாரின் முழங்கால் நோவு முற்றி, வாரந்தோறும் மாத்தளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் நிலை வந்தபோது, நம் கடனுக்கு எட்டிய வண்டி இது ஒன்றுதான். குடும்பக்காரர்கள் இரண்டு கதவு வண்டியை விரும்புவதில்லை. ஆகவே இதன் விலை சற்றுத் தாழ்ந்திருந்தது. ஓர் ஆடம்பர உருவத்தை நாம் வாங்கியது வறுமையின் காரணமாகவே என்று சொன்னால் நம்புவோர் குறைவு. உண்மை அதுதான்.

வாங்கிய மறு ஆண்டே நாடு வங்குரோத்து நிலையை அடைந்தது. 2022-இன் எரிபொருள் வரிசைகளை மறந்தவர் எவரும் இரார். அவ்வாண்டு ஜூலையில் கியூஆர் அட்டை முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்று அளந்தார்கள். வண்டி பெரும்பாலும் பலாமரத்தடியிலேயே சருகு போர்த்திக்கொண்டு நின்றது. பங்கீடு நீங்கி மறுபடி ஓடத் தொடங்கியபோது, அதன் வயது தெரிந்துவிட்டது. சிறு பள்ளத்தில் இறங்கினாலும் மூன்று முறை ஆடி அடங்கிற்று. வளைவுகளில் உடம்பு சாய்ந்து முனகிற்று. பிரேக்கை மிதித்தால் மூக்கைக் கீழே குத்திற்று. இவ்வாறுதான் நாம் கராஜுக்குப் போனோம்.

*

கராஜை நடத்துபவர் இளைஞர். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் கொழும்புக்குப் போய், உதிரிப்பாகக் கடைகளுக்குப் பெயர்பெற்ற பஞ்சிகாவத்தையில் எண்ணெய்க் கறையோடு கறையாகத் தொழில் கற்றவர். எஞ்சினின் ஓசையைக் கேட்டே எந்த சிலிண்டர் சோம்பியிருக்கிறது என்று சொல்லக் கூடியவர். அவர் நம் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு, நோயாளியைப் பார்த்த வைத்தியரைப் போலன்றி, பெண் பார்க்க வந்தவரைப் போல முகம் மலர்ந்தார்.

"சேர், இந்த வண்டிய இப்பிடியே வச்சிருக்கிறது பாவம் சேர்" என்றார்.

அவர் முன்வைத்த திட்டம் மூன்று பாகங்களைக் கொண்டது. முதலாவது, சக்கரம். பழைய 14 அங்குல இரும்புச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு 17 அங்குல அலோய் சக்கரம். இரண்டாவது, வில். கட்டையான சுருள்வில்களைப் போட்டு வண்டியை நான்கு சென்ரிமீற்றர் தரையோடு தாழ்த்துவது. மூன்றாவது, எஞ்சின். நம் வண்டியில் இருப்பது 1497 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சின். அதே 'ஈ' குடும்பத்தில் பிறந்த இன்னோர் எஞ்சின் உண்டு. 'ஸ்டார்லட்' காரின் டர்போ வகைகளில் வந்தது. 4ஈ-எஃப்டிஈ என்று பெயர். கொள்ளளவு 1331-தான், ஆனால், புகைபோக்கிக் காற்றின் வேகத்தாலேயே ஒரு விசிறியைச் சுழற்றி, அதனால் கூடுதல் காற்றை உள்ளே அழுத்தி, 135 குதிரை வலுவைத் தரவல்லது. ஒரே குடும்பமாதலால் நம் வண்டிக்குள்ளும் அடங்கிவிடும். "குட்டி வண்டி சேர், பறக்கும்" என்றார்.

நாம் தயங்கினோம். அப்போது அவர் சொன்ன ஒரு சொல் நம் தயக்கத்தை உடைத்தது. வேலையை நிறுத்தாமல், நட்டு ஒன்றைத் திருகியபடியே சொன்னார்:

"எங்க தாத்தா இருந்தாரே சேர், அவரு தொரையோட காரு வந்தா கான்ல எறங்கி நின்னுதான் சலாம் போடணுமாம். செருப்ப கழட்டி கையில வச்சிக்கிட்டு. எங்கப்பா சொல்லி சொல்லி அழுவாரு. அதே ரோட்டுல நம்மாளு ஒருத்தரு நல்ல வண்டியில, நல்லா சத்தமா போகணும் சேர். அத நான் செஞ்சு குடுக்கணும்."

இதே கதையை நம் பாட்டனாரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாமும் லயத்தில் பிறந்தவர்கள்தாம். வண்டியை அழகு செய்யும் இளைஞர்களைப் பார்த்து 'வீண் பகட்டு' என்று படித்தவர்கள் எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். நாமும் வகுப்பறையில் அவ்வாறு சொன்னதுண்டு. அந்தப் பகட்டின் அடியிலே மூன்று தலைமுறையின் அவமானம் கிடந்து புகைவதை அன்றுதான் உணர்ந்தோம்.

அப்போது நம் நினைவுக்கு வந்தவர் அய்யன்காளி. திருவனந்தபுரத்துக்கு அருகே, அன்றைய திருவிதாங்கூரில், ஒடுக்கப்பட்ட புலையர் குலத்தில் 1863-இல் பிறந்தவர் அவர். அவருடைய மக்கள் பொதுச்சாலையில் நடக்கவும் கூடாது என்றிருந்த காலம். மேட்டுக் குடியினரோ வில்வண்டியில் சென்றனர். அச்சுக்கு மேலே எஃகு வில் வைத்துத் தைத்த வண்டியாதலால் பள்ளத்தின் குலுக்கம் அமர்ந்திருப்பவரின் முதுகை எட்டாது. கட்டை வண்டி உழைப்பவனுடையது, வில்வண்டி உடையவனுடையது. 1893-ஆம் ஆண்டு அய்யன்காளி சொந்தமாக ஒரு வில்வண்டி வாங்கினார். நல்ல காளைகளைப் பூட்டினார். வெள்ளை வேட்டியும் தலைப்பாகையும் அணிந்து, தடை செய்யப்பட்ட அந்தச் சாலையிலேயே வண்டியை ஓட்டிச் சென்றார். தடுக்க வந்தவர்களுக்கு அஞ்சவில்லை. அந்த வண்டியில் எஃகு வில்லும் காளையின் சலங்கையும் ஆடம்பரமாக இருந்தனவா? சாலை எல்லோருக்கும் உரியது என்ற உரிமைப் பத்திரமாக அல்லவா இருந்தன!

இந்த நினைவு நம்மை வென்றது. எஞ்சினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சக்கரமும் வில்லும் ஆகட்டும் என்று இசைந்தோம். பாவித்த அலோய் சக்கரங்கள் நான்கும், டயர்களும், கட்டை வில்களும், கூலியுமாக 240000 ரூபாய் ஆயிற்று. தவணைக் கடன் வாங்கிக் கொடுத்தோம்.

*

வண்டி அழகாகத்தான் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. பெரிய சக்கரங்கள் உடம்பின் வளைவுகளை நிறைத்துக்கொண்டு நின்றன. தரையைத் தழுவிப் பதுங்கும் சிறுத்தையைப் போன்ற தோற்றம். மாணவர்கள் சுற்றி நின்று கைப்பேசியில் படம் பிடித்தார்கள். நாமும் உள்ளுக்குள் சற்றுப் பூரித்தோம்.

நம் தாயார் மட்டும் முதல் நாளே ஏறி அமர முடியாமல் திணறி, "கெணத்துக்குள்ள எறங்குற மாதிரி இருக்கு தம்பி" என்றார். நாம் சிரித்துவிட்டு ஓட்டினோம். வண்டி ஒவ்வொரு வெடிப்பையும் எண்ணிச் சொல்லிற்று. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

2024-ஆம் ஆண்டு ஐப்பசி மழை. பாடசாலை முடிந்து மாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். பலாபத்வலையை நெருங்கும் இடத்தில், மழைநீர் நிறைந்து கண்ணுக்குத் தெரியாத பள்ளம் ஒன்றில் இடப்பக்க முன்சக்கரம் இறங்கியது. கல்லில் கல் மோதியது போன்ற ஓசை. டயர் கிழிந்து, சக்கரத்தின் விளிம்பு வெடித்தது. திசைச் சக்கரம் கையைவிட்டுத் திரும்பியது. வண்டி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு வழுக்கிச் சென்றது. பிரேக்கை முழுமூச்சாக மிதித்தோம். நின்றபோது நமது முன்முகப்புக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே ஒரு முழமே இருந்தது.

ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டி முடித்து, விறகுக் கட்டோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர் அவர். விறகு சிதறிக் கிடந்தது. அவர் முழங்கால் அளவு நீரில் கானுக்குள் நின்றுகொண்டிருந்தார். நாம் நடுங்கியவாறு இறங்கி ஓடினோம். மன்னிப்புக் கேட்க வாய் எடுக்குமுன் அவரே பேசினார்:

"ஒண்ணும் ஆகல சேர். நான்தான் ஓரமா நிக்காம நின்னுட்டேன். நீங்க பாத்துப் போங்க சேர்."

நம்மை அவருக்கு முன்பின் தெரியாது. வண்டியைப் பார்த்தே 'சேர்' என்றார். அவர் நின்றதற்கு மேல் ஓரம் என்று ஒன்று அங்கே இல்லை. ஆயினும் குற்றத்தைத் தாமே ஏற்றுக்கொண்டு, கானிலிருந்தபடியே சிதறிய விறகை எட்டி எட்டிப் பொறுக்கத் தொடங்கினார்.

துரையின் காருக்காகக் கானில் இறங்கி நின்ற கிழவரின் கதையைச் சொல்லித்தான் இந்தச் சக்கரங்களை நாம் பூட்டினோம். அந்தச் சக்கரங்களே இன்னொருவரைக் கானில் இறக்கிவிட்டன. இப்போது அதன் உள்ளே இருந்தவர்கள் நாம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எழுந்து ஒரு கணக்குப் போட்டோம். அந்த ஆண்டுதான் பெருந்தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்கூலியை 1350 ரூபாய் என்று நிர்ணயித்திருந்தார்கள். 240000-ஐ 1350-ஆல் வகுத்தால், ஏறத்தாழ 178 நாட்கள். மாதம் இருபத்தைந்து நாள் வேலை கிடைத்தாலும் ஏழு மாதத்துக்கு மேல். ஒரு பெண் ஏழு மாதம் விடியற்காலையில் எழுந்து மரம் மரமாகப் பால்வெட்டிப் பெறுகின்ற கூலி, நம் வண்டியின் அடியில் நான்கு வட்டங்களாகச் சுழன்றுகொண்டிருந்தது.

*

உணர்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். நடந்தது ஏன் என்பதை அறிவு கொண்டு ஆராய்வதே கடமை. நாமும் அந்த இளைஞருமாக உடைந்த சக்கரத்தை நடுவில் வைத்து உட்கார்ந்து பேசினோம். வாசகரில் யாரேனும் இதே ஆசையில் இருப்பின் அவர்க்கும் பயன்படக்கூடும் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்கள் வெறும் எண்கள் அல்ல. நமது பழைய டயர் 185/60, 14 அங்குலம். 185 மில்லிமீற்றர் அகலம். அதில் நூற்றுக்கு அறுபது பங்கு பக்கச்சுவரின் உயரம். அதாவது 111 மில்லிமீற்றர். புதிதாகப் பூட்டியது 205/40, 17 அங்குலம். பக்கச்சுவர் 82 மில்லிமீற்றர். பள்ளத்தின் விளிம்பு டயரில் மோதும்போது, அந்தச் சுவரிலுள்ள ரப்பரும் காற்றும்தான் முதலில் வளைந்து அடியை வாங்கிக்கொள்கின்றன. அந்த மெத்தையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெட்டி எறிந்துவிட்டோம். எஞ்சிய அடி நேரே உலோகத்தில் விழுந்தது. மேலும், மொத்த விட்டம் நூற்றுக்கு மூன்று பங்கு கூடியதால் வேகமானி உண்மையைவிடக் குறைவாகவே காட்டிக்கொண்டிருந்தது.

சக்கரத்தை உற்றுப் பார்த்தோம். ஜப்பானிய அலோய் சக்கரத் தரத்துக்கு இணங்கச் செய்ததற்கு அடையாளமாக ஜேடபிள்யூஎல் என்ற முத்திரை வார்ப்பிலே இருக்க வேண்டும். இதில் இல்லை. நடுத்துளை அச்சின் குமிழைவிடப் பெரிது. இடைவெளியை நிரப்பும் வளையமும் போடவில்லை. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கத்தில் பிறந்த வாரமும் ஆண்டும் குறித்திருப்பார்கள். அதைப் படித்துப் பார்த்தபோது, பளபளப்பாகத் தெரிந்த அந்த டயர் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட முதியது என்று தெரியவந்தது. வாங்குமுன் குனிந்து படித்திருந்தால் போதும். நாம் தூர நின்று அழகை மட்டும் பார்த்தோம்.

அடுத்தது வில். சுருள்வில்லுக்கு உரிய வேலை, சக்கரம் மேலே எழும்ப இடங்கொடுப்பது. அதனுடன் இணைந்த ஷொக் அப்சோபருக்கு உரிய வேலை, எழும்பிய வில் ஆடிக்கொண்டே இராமல் அடக்குவது. வில்லை நான்கு சென்ரிமீற்றர் கட்டையாக்கினால் சக்கரம் எழும்ப இருந்த இடத்தில் அவ்வளவும் போய்விடும். ஆடை மாற்றியும் பழைய செருப்பிலேயே நடப்பவரைப் போல, நாம் பழைய, தளர்ந்த ஷொக் அப்சோபர்களையே விட்டுவைத்திருந்தோம். பள்ளத்தில் அது அடிமட்டம் வரை சென்று முட்டிற்று. பந்தயத் தளத்தில் தாழ்ந்த வண்டி சிறந்ததுதான். பாரம் தாழ இருப்பதால் வளைவில் சாய்வு குறையும். நுவரெலியாவில் 1934 முதல் நடந்துவரும் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தில் ஓடுவோர் அவ்வாறு செய்வர். அங்கே சாலை அன்று பந்தயத்துக்கென்றே அடைக்கப்பட்டிருக்கும்; எதிரே பஸ் வராது; ஓரத்தில் விறகுக்கட்டும் வராது.

எல்லாம் கேட்டு முடித்த இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. "நான் ஆசப்பட்டுட்டேன் சேர்" என்றார் கடைசியில். "நாமும்தான் தம்பி" என்றோம். "காசு வேணாம் சேர். நானே திருப்பிச் செஞ்சு தாறேன்" என்றார். அதற்கு நாம் உடன்படவில்லை. ஆசைப்பட்ட இருவரில் ஒருவர் மட்டும் அபராதம் செலுத்துவது முறையாகாது.

*

ஆகவே வண்டியை மறுபடி பிரித்தோம். இம்முறை வரிசை தலைகீழாயிற்று. கண்ணுக்குத் தெரியாதவை முதலில், கண்ணுக்குத் தெரிபவை கடைசியில்.

முதலிடம் பிரேக்குக்கு. மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடும் வண்டியைவிட 60-இல் ஓடும் வண்டிக்கு உள்ள இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்கு. வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் நிறுத்தும் சுமை இரண்டேகால் மடங்கு கூடுகிறது. இதை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறோம். காலால் கற்றது அந்த மழைநாளில்தான். தட்டுகள், பட்டைகள், வெடித்த ரப்பர்க் குழாய்கள், ஈரம் உறிஞ்சிப் பழுத்துப்போன பிரேக் எண்ணெய் ஆகிய யாவும் மாற்றப்பட்டன. தேர்த் திருவிழாவில் எல்லோர் கண்ணும் தேரின் சிகரத்திலே இருக்கும். சக்கரத்தின் அருகே குனிந்தபடி முட்டுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் மனிதரை எவரும் பார்ப்பதில்லை. வடம் பிடிக்கும் ஆயிரம் பேரின் உயிர் அவர் கையில் இருக்கிறது. நாமோ 'முட்டுக்கட்டை' என்பதை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம்.

இரண்டாவது, வில். கட்டை வில்களைக் கழற்றி, வண்டிக்கு விதித்த உயரத்துக்குரிய வில்களையும் நான்கு புதிய ஷொக் அப்சோபர்களையும் போட்டோம். அவற்றோடு, மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் அனைத்தையும் மாற்றினோம். முப்பதாண்டு வெயிலில் அவை காய்ந்த பாக்குப் போல் வெடித்திருந்தன. வளைவில் வண்டி முனகியதற்கு உண்மையான காரணம் அவையே. முதல் நாளே இந்தச் சிறு ரப்பர்த் துண்டுகளைத் தேடியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. 1876-இல் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்துக்கு ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தது முதல், இந்த நாட்டு மக்கள் பால்வெட்டி வருகிறார்கள். அவர்கள் வெட்டும் பாலிலிருந்துதான் உலகில் எங்கெங்கோ ஓடும் வண்டிகளின் டயரும் புஷ்ஷும் உருவாகின்றன. நமது குலுக்கத்தைத் தாங்குவது அவர்கள் கையின் உழைப்பு. அவ்வுழைப்பைத் தந்தவர் நடக்க ஒரு முழ மண்.

மூன்றாவது, சக்கரம். 15 அங்குலத்துக்குப் போகலாம் என்று இளைஞர் பேரம் பேசிப் பார்த்தார். 195/50 போட்டால் மொத்த விட்டம் ஏறக்குறைய பழையபடியே இருக்கும் என்பது சரிதான். பக்கச்சுவரும் 97 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் கிடைக்கும். நாம் 111-ஐ விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அவருக்கும் ஒரு மனம் உண்டு, கைத்திறன் உண்டு. அதை மறுப்பது நமக்குச் சம்மதமில்லை. பஞ்சிகாவத்தையில் மூன்று நாள் அலைந்து, ஜேடபிள்யூஎல் முத்திரையும் சரியான நடுத்துளையும் கொண்ட, எடை குறைந்த 14 அங்குல அலோய் சக்கரங்கள் நான்கைத் தேடிக் கொண்டுவந்தார். எடை குறைந்த சக்கரம் பள்ளத்திலிருந்து விரைவாக எழும்பித் தரையை மறுபடி பற்றிக்கொள்ளும். புதிய டயர்கள் பூட்டினோம். அழகு போய்விடவில்லை. முழங்கால் நோவுள்ள தாய் ஏறி அமரத்தக்க அழகாக அது மாறியிருந்தது.

கடைசியில் எஞ்சின். டர்போ எஞ்சினை நாம் எடுக்கவில்லை. அது உள்ளே அடங்கும் என்று அவர் சொன்னது மெய். ஆனால் அதனுடன் கணினிப் பெட்டியும், கம்பிகளும், காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டரும், பெற்றோல் பம்பும், வலுவைத் தாங்கும் கியர்ப் பெட்டியும் வர வேண்டும். 92 ஒக்டேன் பெற்றோலில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் 95-க்கு மாற வேண்டும். பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தை மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஆண்டுதோறும் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும். காப்புறுதிக்கும் அறிவிக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும், பெறுகின்ற 135 குதிரைகளை எங்கே ஓடவிடுவது? ஊருக்குள் 50, வெளியே 70 என்பதே கார்களுக்கான வேக எல்லை. ஆண்டுதோறும் 2000-க்கு மேற்பட்டோர் விபத்தில் மடியும் நாடு இது. ஆகவே பழைய எஞ்சினுக்குப் புதிய டைமிங் பெல்ட், தீப்பொறிச் செருகிகள், தண்ணீர்க் குழாய்கள், துப்புரவு செய்த ரேடியேட்டர் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டோம். ஓசை எழுப்பாத அது, பாரம் ஏற்றினால் ஏறும் மாடு போல ஓடுகிறது.

*

வேலை முடிந்த மாலையில் இளைஞரே ஓட்டிப் பார்த்தார். நாம் பக்கத்தில் அமர்ந்திருந்தோம். நாலந்தா வரை சென்று திரும்பினோம். அந்தப் பழைய பள்ளம் இன்னும் அங்கே இருந்தது. சக்கரம் இறங்கி ஏறிற்று, ஒரே அசைவு, அடங்கிவிட்டது. அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இப்பதான் சேர் வண்டி வண்டியா இருக்கு" என்றார். சந்திக்கு அருகே பெண்கள் கூட்டம் ஒன்று வந்துகொண்டிருந்தது. அவர் ஒலிப்பானைத் தொடவில்லை. வேகத்தைத் தணித்து, வலப்பக்கம் சற்று ஒதுங்கி, அவர்களைத் தாரின் மேலேயே நடக்கவிட்டுக் கடந்தார்.

அய்யன்காளியின் வில்வண்டியை நாம் தவறாகப் படித்திருந்தோம். அவர் ஏறியது, மற்றவரைச் சாலையிலிருந்து இறக்குவதற்காக அன்று. இறக்கப்பட்டவர் அனைவரும் சாலைக்கு வருவதற்காக. இந்த மாத்தளை மண்ணுக்கும் அது புதிய பாடமன்று. 1848-இல் ஆங்கில அரசு, ஆண்டுக்கு ஆறு நாள் சாலை வேலை செய் அல்லது மூன்று ஷில்லிங் பணம் கட்டு என்று சட்டமியற்றியது. அவ்வாண்டில் விதித்த இதுபோன்ற வரிகளை எதிர்த்துச் சிங்களக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்த களம் மாத்தளை. அதே காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர், நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியே நடந்து, வழிநெடுகப் பிணங்களை விட்டுவிட்டு, மாத்தளைக்கு வந்து கோப்பித் தோட்டம் போட்டார்கள். கட்டாய வேலையால் சாலை போட்டவனுக்கும், கால்தேய நடந்து வந்தவனுக்கும் உரியது சாலை. 17 அங்குலச் சக்கரம் வைத்திருப்பவனுக்கு அதில் தனிப் பங்கு ஏதும் கிடையாது.

இன்னும் ஒரு வேலை மீதம் இருக்கிறது. அதை எந்தக் கராஜிலும் செய்ய முடியாது. சந்திக்கு இருபுறமும் கானுக்கு மூடியிட்டு, அதன்மேல் நடைபாதை அமைத்துத் தர வேண்டும் என்று ஊரார் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். சிங்களத்திலும் தமிழிலும் எழுதியது. வாசனைத் தோட்டத்தில் வேலை செய்யும் சிங்களத் தாய்மாரும், சந்தியில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவரும், முச்சக்கர வண்டிக்காரர்களும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். கராஜ் இளைஞர் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு வந்து கையெழுத்திட்டார். ஒரு விரலின் கறை தாளிலே பதிந்துவிட்டது.

அந்தப் பால்வெட்டும் பெண்ணையும் தேடிச் சென்று தாளை நீட்டினோம். அவர் முதலில் நம்மை அடையாளம் காணவில்லை. பிறகு, "அந்தக் காரு சேரா?" என்று கேட்டுவிட்டு, வாசித்துச் சொல்லச் சொன்னார். கானை மூட வேண்டும் என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார். "எங்க எறங்கு தொற வரைக்கும் போடச் சொல்லுங்க சேர்" என்றார். அவ்வாறே ஒரு வரி சேர்த்து எழுதிய பின்னர்தான் கையெழுத்திட்டார்.